கேட்ச் கேனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

பிரீதர் ஓஸ் எந்த அளவில் வாங்க வேண்டும், கிளிப்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், கேனைச் சட்டத்தில் எங்கே கட்ட வேண்டும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் கைப்பேசியில் எத்தனையோ வீடியோ இருக்கிறது. அவற்றில் பேசுகிறவர்களுக்கு என்னைவிடத் தெளிவான குரலும், என்னைவிட நிறைய முடியும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது வேறு. வண்டி பட்டறையை விட்டு வெளியே போன பிறகு மெக்கானிக்கின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பது. அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்கு மேற்கே என் பட்டறை இருந்தது. என் முழங்கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டதால் நானும் அவற்றோடு வீட்டுக்குப் போய்விட்டேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டதற்காக ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அது ஓர் ஆயுத பூஜை நாள்.

குமார் மீன் வியாபாரி. விடியும் முன்பே நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, திருவாரூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம் என்று ஊர் ஊராக விற்றுக்கொண்டே வருவான். அந்தப் பாரத்தை இழுத்து இழுத்து அவன் வண்டியின் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிருந்தது. ரிங் தேய்ந்தால் மேலே எரிகிற புகை கீழே என்ஜின் வயிற்றுக்குள் இறங்கும். இறங்கிய காற்று எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும். அதற்குத்தான் பிரீதர் என்ற மூச்சுக் குழாய். கம்பெனியில் அந்தக் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் விட்டிருப்பார்கள். புது வண்டிக்கு அது சரி. குமாரின் வண்டியிலோ காற்றோடு ஆயிலும் ஏறி வந்து, ஃபில்டரைக் கழற்றினால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பஜ்ஜி மாதிரி சொட்டும். வண்டி இருமும்.

"ரிங் மாத்தணும்டா. வண்டியை விட்டுட்டுப் போ" என்றேன்.

"வண்டியை விட்டுட்டு மீனைத் தலையில தூக்கிக்கிட்டு ஓடவாண்ணே? பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஓடுற மாதிரி ஏதாவது பண்ணி விடுங்க."

அந்த 'ஏதாவது'தான் கேட்ச் கேன். மூச்சுக் குழாயை ஃபில்டரிலிருந்து பிரித்து, வெளியே கொண்டுவந்து, ஒரு சின்ன அலுமினியக் கேனுக்குள் விட்டுவிடுவது. ஆயில் கேனுக்குள் தங்கும். காற்று கேனின் மூடியில் இருக்கும் சல்லடை வைத்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். வெற்றிலை போடுகிறவர் பக்கத்தில் படிக்கம் வைப்பது போலத்தான். வெற்றிலைப் பழக்கம் போகாது, தரை மட்டும் சுத்தமாக இருக்கும். இதையும் குமாரிடம் சொன்னேன். அவன் கேனின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூஜைக்கு முதல் நாள் மாட்டி முடித்தேன். அழகாக மாட்டினேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கி, ஓஸைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. இந்த இறுக்கத்தைப் பற்றிப் பின்னால் எனக்கு வேறு அபிப்பிராயம் வந்தது.

மறுநாள் குமார் மனைவி வசந்தியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான். எங்கள் பட்டறை பூஜையிலேயே தன் வண்டிக்கும் படைத்துவிட்டு ஓட்டிப்போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மீன் பெட்டியைக் கழற்றி, வண்டியைக் கழுவி, ஹேண்டில்பாரில் வாழைக்கன்று கட்டியிருந்தோம். என் ஸ்பானர்கள், சுத்தியல், காற்றடிக்கும் மெஷின் எல்லாம் சுவரோரம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு, பொரி கடலைக்குக் காத்திருந்தன.

வசந்தி சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். வண்டியைச் சுற்றி வந்தவள் கேனைப் பார்த்ததும் நின்றாள்.

"இதுதான் புதுசா?"

"ஆமாம்மா."

"அப்ப இதுக்குத்தான் முதல்ல" என்று மூன்று விரலால் சந்தனத்தை வழித்து மூடியின் மேல் அப்பி, நன்றாக அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தாள். புதுப்பெண்ணின் நெற்றி மாதிரி இருந்தது கேன்.

"அம்சமா இருக்கும்மா" என்றேன் நான். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த நான்.

சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மகளை டேங்க் மேல் உட்காரவைத்து, வசந்தியைப் பின்னால் ஒருபக்கமாக ஏற்றிக்கொண்டு குமார் புறப்பட்டான். இரண்டு மாதம் முன்பு போனில் பேசிக்கொண்டே வண்டியை என் பட்டறைக்குள் விட்டவன் அவன். அன்றைக்கு நான் திட்டிய திட்டுக்குப் பிறகு ஓட்டும்போது போனைத் தொடுவதே இல்லை. அதையும் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நான் வாழை இலை முன்னால் உட்கார்ந்து சுண்டலில் கை வைத்தேன். அணையப்போன விளக்குக்கு எண்ணெய் விட என் வீட்டம்மா தகர டப்பாவைச் சாய்த்தாள். எண்ணெய் வரவில்லை. குலுக்கினாள். ஒரு சொட்டு வந்து நின்றது.

"என்னங்க, இந்த டப்பாவுக்குமா பொட்டு வெச்சீங்க? காத்து ஓட்டையை அடைச்சுத் தொலைச்சிருக்கீங்க. காத்து போகாம எண்ணெய் எப்படி வரும்?"

எங்கள் வீட்டு எண்ணெய் டப்பாவில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டிருக்கும். ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று காற்றுக்கு. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அவள் ஊக்கால் சந்தனத்தைக் குத்தி எடுத்ததும் எண்ணெய் தாராளமாக வந்தது. விளக்கு எரிந்தது. என் கை சுண்டலிலேயே நின்றுவிட்டது.

கேன் மூடியில் ஒரே ஓர் ஓட்டை. அதன் மேல் சந்தனம். என்ஜின் சூடு பட்டால் அது சிமெண்ட். என்ஜின் மூச்சு விட முடியாது. உள்ளே அழுத்தம் ஏறும். ஓஸ் பிய்த்துக்கொண்டாவது தப்பிக்குமா என்றால், அதை ஒருத்தன் தொங்கிப் பார்த்து இறுக்கியிருக்கிறான். நான் இன்னும் கொஞ்சம் மோசமான மெக்கானிக்காக இருந்திருந்தால் ஓஸ் கழன்று, அவன் கால்சட்டை மட்டும் பாழாகியிருக்கும். இப்போது அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். குமாரின் வண்டியில் அது செயின் பக்கம் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீல் என்பது அதைக் கழற்றிப் பார்த்திருந்த எனக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து ஆயில் செயினுக்கு, செயினிலிருந்து பின் டயருக்கு. வெளியே தூறல் வேறு. டேங்க் மேல் குழந்தை.

போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் வாடிக்கையாளர் என் வாழ்க்கையில் ஒரே ஒருத்தர்தான், அவரும் அன்றைக்கு வாய்த்தார்.

தம்பிகளே, பதற்றத்தில் மூளை என்ன செய்யும் தெரியுமா? சமாதானம் சொல்லும். 'சந்தனம் தானா உதிர்ந்திருக்கும்', 'தூறல்ல கரைஞ்சிருக்கும்', 'போய்ச் சேர்ந்து அவனே கூப்பிடுவான்.' எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். நானும் சுண்டலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, பூஜையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டேன். படைத்த சாமானை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. அந்த விஷயத்தில் என் வீட்டம்மா ரொம்பக் கண்டிப்பு.

விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புள்ளை வண்டியில இருக்கு. எடுத்துட்டுக் கிளம்புங்க. சரஸ்வதி கோச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

என் மொபெட்டும் படையலில்தான் இருந்தது. அதில் கட்டிய வாழைக்கன்றை அவிழ்க்க நேரமில்லை. தோரணத்தோடு கிளம்பினேன். போகும்போதே கணக்குப் போட்டேன். கேட்டில் பிடித்துவிடலாம். நீடாமங்கலம் கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது மூடியிருப்பதுதான் அதன் இயல்பு. கல்யாண மாப்பிள்ளையே அதில் மாட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குத் தவித்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் அதைத் திட்டிய நான், அன்றைக்கு முதல்முறையாக அது மூடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலித்தது. நான் போய்ச் சேரும்போது கேட் மூடியிருந்தது. குமார் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தான்.

நெல் ஏற்றப் போகும் காலி சரக்கு வண்டி ஒன்று, வருவதா போவதா என்ற யோசனையில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. வாழைக்கன்று முகத்தில் அடிக்க, வெள்ளை வேட்டியில், கையில் குங்குமம் வைத்த ஸ்க்ரூ டிரைவரோடு நான் நின்றேன். பக்கத்து ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

நின்றபடியே யோசித்தேன். வழியில் யாராவது நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டு வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இன்றைக்குத் திறந்திருக்கும் ஒரே கடை, கொரடாச்சேரிக்கு முன்னால் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் காதர் பாயுடையது. அடித்தேன்.

"பாய், ஒரு வண்டியை நிறுத்தணும். அவசரம். சந்தனம் பூசியிருக்கும், வாழைக்கன்னு கட்டியிருக்கும்."

"யோவ், இன்னிக்கு எந்த வண்டிக்குய்யா பூசல? ரோடு ரோலர் ஒண்ணு போச்சு, அதுக்கும் பொட்டு."

"பின்னாடி மீன் பெட்டி..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். பெட்டியைக் கழற்றியதே நான்தான். "புருஷன் பொண்டாட்டி, டேங்க் மேல சின்னப் பொண்ணு. மஞ்சக் கவுன்."

"பச்சைச் சேலையா?"

"ஆமா பாய்."

"நீ போன் அடிச்சப்பதான் கடையைத் தாண்டுனாங்க. அந்தப் பொம்பள குனிஞ்சு காலைப் பாத்துக்கிட்டே போச்சு. என்னய்யா ஆச்சு?"

"வந்து சொல்றேன் பாய்" என்று போனை வைத்தேன். வசந்தியின் கால் தொங்குவது செயின் பக்கம்.

கேட் திறந்தது. மொபெட்டை நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை, அதுவும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. குறுவை அறுவடை முடிந்த நேரம். தூறலுக்குப் பயந்து ரோட்டில் காயப்போட்ட நெல்லைப் பாதி ரோடு வரை தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தார்ப்பாயையும் ஒதுங்கிப் போகும்போது, இங்கே குமார் எப்படி ஒதுங்கியிருப்பான், எவ்வளவு சாய்த்திருப்பான் என்றுதான் நினைத்தேன். பாய் கடையைத் தாண்டினேன். பாயும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஈர ரோட்டில் அதைப் பார்த்தேன். ஒரு பொட்டு அளவுக்கு வானவில். அடுத்து இன்னொன்று. பிறகு நெருக்கமாக வரிசையாக. எத்தனையோ வண்டி ஒழுகுவதைப் பார்த்திருக்கிறேன். ஒழுகலைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு பொட்டாகப் பின்தொடர்ந்து போனேன். வாய்க்கால் மதகுக்குக் கொஞ்சம் முன்னால் பொட்டுகள் நின்றுவிட்டன.

மொபெட்டைப் போட்டுவிட்டு மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் நல்லதா கெட்டதா என்றுகூட எனக்கு அப்போது புரியவில்லை.

"அண்ணே."

மதகுக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நான் அவசரத்தில் அவர்களைத் தாண்டி வந்திருக்கிறேன். வசந்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் கணுக்கால் கருகருவென்று ஆயிலில் ஊறியிருந்தது.

"நல்லவேளை வந்தீங்கண்ணே" என்றான் குமார். "இவகிட்ட நீங்களே சொல்லுங்க. கால்ல ரெண்டு சொட்டு பட்டதுக்கு இறங்கி நின்னுக்கிட்டு ஏற மாட்டேங்கிறா. அண்ணன் பூஜை போட்டுக் குடுத்த வண்டி, ஒண்ணும் ஆகாதுன்னு தலையால அடிச்சுக்கிறேன்."

"ரெண்டு சொட்டா? செருப்பு வழுக்குது" என்றாள் அவள். "வழுக்குற வண்டியில என் புள்ளையை ஏத்த மாட்டேன். யாரு பூஜை போட்டிருந்தா என்ன?"

நான் உட்கார்ந்து கிளிப்பைத் தளர்த்தினேன். ஓஸைப் பிடுங்கியதும் புஸ்ஸென்று ஆயிலும் காற்றும் என் வெள்ளை வேட்டியில் அடித்தன. மூடியைக் கழற்றினேன். சந்தனம் சல்லடைக்குள் இறங்கி ஓடு மாதிரி இறுகியிருந்தது, நடுவில் குங்குமம் கலையாமல். குத்தி எடுத்து, ஊதிச் சுத்தம் செய்து, விஷயத்தைக் குமாருக்கும் வசந்திக்கும், அதற்குள் வந்து சேர்ந்த பாய்க்கும் சொன்னேன். வசந்தி முகம் சுண்டிப்போனது. "வெச்சது நான்தானே" என்றாள்.

"வெச்சது நீம்மா. பாத்துட்டு அம்சமா இருக்குன்னு சொன்னவன் மெக்கானிக்" என்றேன்.

பாய் திரும்பக் கடைக்குப் போய்க் கொண்டுவந்த சோப்புத் தூளாலும் மணலாலும் பின் டயரைத் தேய்த்துக் கழுவினோம். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். மூடி ஓட்டையில் கை வைத்தால் மூச்சு சீராக வந்தது. சீலிலிருந்து புதிதாக ஒழுகவில்லை. என் வயிறு மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. அந்த நேரம்தான் ஆபத்தானது, கவனியுங்கள். பயம் போனதும் மனம் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

"அவ்ளோதான் குமார், கிளம்பு" என்றேன்.

குமார் குழந்தைக்குக் கை நீட்டினான். வசந்தி கொடுக்கவில்லை.

"அண்ணே, நீங்க ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க. அந்த வளைவு வரைக்கும்."

"ஏய், யாருகிட்ட என்ன பேசுற?" என்றான் குமார்.

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பாய் பக்கத்தில் நின்று, தாடியைத் தடவிக்கொண்டு, "ஓட்டுய்யா, பாப்போம்" என்றார். ஆயில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

நேராகப் போகும்வரை வண்டி வெண்ணெயாகப் போனது. வளைவில் ஒரு நெல் தார்ப்பாய். அதை ஒதுங்க வண்டியைச் சாய்த்தேன். டயரின் நடுப்பகுதியைத்தான் நாங்கள் தேய்த்திருக்கிறோம், சாயும்போது தரையில் படும் ஓரத்தை யாரும் தேய்க்கவில்லை என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது. விளங்கியபோது நான் வண்டியில் இல்லை. ரோட்டோரச் சரிவில் உருண்டு, தண்ணீர் கட்டியிருந்த நாற்றங்காலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வரப்பின் மேல் முன்பக்கமாகக் குத்தி, டேங்க் சேற்றில் புதைந்து கிடந்தது.

"யோவ், நாத்தங்கால்ல என்னய்யா பண்ற?" என்று வயலுக்குச் சொந்தக்காரர் தூரத்திலிருந்து கத்தினார்.

"டயர் டெஸ்ட் பண்றாரு" என்று பாய் பதில் கத்தினார்.

குழந்தை கைதட்டியது. மறுபடி செய்யச் சொல்லிக் கேட்டது. நானும் சிரித்தேன். முழங்கையில் தோல் போயிருந்தது, முதுகு பிடித்துக்கொண்டது, வாயில் சேறு. ஆனாலும் அப்படியொரு நிம்மதி எனக்கு வந்ததே இல்லை. சீட்டில் இருந்தது நான் மட்டும்தான்.

வசந்தி சிரிக்கவில்லை. வளைவு வரை நடந்து வந்து, வண்டி கிடந்த விதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "அடிபடலையேண்ணே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் திருவாரூர் பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றுகொண்டாள். அன்றைக்கு மூன்று பேருமே பஸ்ஸில் போவது என்றும், வண்டி பாய் கடையில் நிற்கட்டும், ரிங்கும் சீலும் மாற்றாமல் நகராது என்றும் முடிவாயிற்று. முடிவு செய்தது நானோ குமாரோ இல்லை.

கேட்ச் கேன் மாட்டுங்கள், தப்பில்லை. பூஜையும் போடுங்கள், பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் நீங்கள் காட்டுங்கள். வண்டியைக் கொடுக்கும்போது ஓட்டுகிறவனின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், அவன் உங்களை நம்புவான், அது அவன் பழக்கம். பின்னால் ஏறுகிறவர் ஏறத் தயங்கினால் நீங்கள் முதலில் ஏறி ஓட்டுங்கள். முடிந்தால் நாற்றங்கால் உள்ள பக்கமாக.

நானும் குமாரும் பாயும் வண்டியைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். குமார் தன் துண்டை எடுத்து டேங்கைத் துடைக்க ஆரம்பித்தான். மற்ற இடமெல்லாம் சேறாகவே கிடந்தது. டேங்கின் மேல், குழந்தை உட்காரும் இடத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தான். பஸ் வந்து நின்றது, வசந்தி ஏறிக் கூப்பிட்டாள், நடத்துநர் விசில் அடித்தார்.

"விடுடா, சுத்தமாயிடுச்சு. போ" என்றேன்.

"இருங்கண்ணே" என்றான். கை நிற்கவில்லை.